நானூறு மடங்கும் ஒரு சுண்டுவிரலும்

மருத்துவ உலகில் நூற்றுக்கு நூறு குணம் கண்ட ஆராய்ச்சி ஒன்றே ஒன்றுதான். அது லண்டனிலோ டெல்லியிலோ நடக்கவில்லை, பெரம்பலூரில் நடந்தது. அதன் அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மனிதர்மேல் எதைச் சோதிப்பதானாலும் ‘நெறிமுறைக் குழு’ ஒப்புதல் தர வேண்டும். அதில் விஷயம் தெரிந்தவர்களோடு, விஷயமே தெரியாத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. தாலுகா ஆபீசில் முப்பத்தாறு வருடம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்ற என்னைவிடத் தகுதியானவர் இந்த மாவட்டத்தில் யார்? ஆராய்ச்சி நடத்தும் கல்லூரியிலிருந்து வீட்டு வாசலுக்கே கார் வந்தது.

கண்டுபிடிப்பின் பெயர் ஹைட்ரோஜெல். குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கிறதே, அதற்குப் பங்காளி முறை. கண்ணாடிச் சில்லு போலிருக்கும்; தண்ணீரைக் குடித்து ஊதும். சர்க்கரைக்காரர்களின் புண்ணில் வைத்துக் கட்டினால், கசிவதையெல்லாம் உறிஞ்சி ஆற்றிவிடும் என்றார் பேராசிரியர் சிவசுப்பிரமணியன். ஏசி அறையில், காய்ச்சி வடித்த நீரில் ஒரு சில்லைப் போட்டார். நாங்கள் வடை தின்று கை துடைப்பதற்குள் அது இட்லி அளவுக்கு வந்து நின்றது. எடையில் நானூறு மடங்கு. கைதட்டினோம்.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் வினோதினி எழுந்தாள். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுவார்களே, அந்த உப்புநீரை ஒரு டம்ளரில் ஊற்றி, இன்னொரு சில்லைப் போட்டாள். கூட்டம் முடியும்வரை பார்த்தோம். அது சுண்டைக்காய் அளவோடு திருப்தி அடைந்துவிட்டது.

“புண்ணுல கசியறதும் உப்புத்தண்ணிதான் சார். அங்க இது இவ்வளவுதான் ஊதும். சூடு, புளிப்பு கூடக் குறைய இருந்தாலும் மாறும். மொதல்ல ஜெல்லை மாத்தணும், அப்பறந்தான் ஆளுக்குக் கட்டணும்.”

“ஜெல்லுல தப்பில்லம்மா. தப்பு உப்புல இருக்கு” என்றார் பேராசிரியர்.

எவ்வளவு ஆழமான வாக்கு! குழு உடனே விவாதித்தது. ஜெல்லை மாற்ற இரண்டு வருடம் ஆகும். நோயாளியை மாற்ற ஒரு மாதம் போதும். ஆகவே நோயாளி ‘உப்பு நீக்கப்பட்ட சூழலில்’ வைக்கப்பட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். வினோதினிக்கு வாக்கு இல்லை.

அந்தச் சூழல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. வேப்பந்தட்டை சாமிக்கண்ணு, சர்க்கரைக்காரர். மக்காச்சோளக் கட்டை குத்தி வலது கால் சுண்டுவிரலில் புண். ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே அழைத்து, உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்னதும் கஞ்சிக்குக்கூடவா என்று கேட்டார். கஞ்சிக்குத்தான் முக்கியமாக என்றார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். இருந்தவர்களில் வேட்டி கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான்.

“நீங்க சொல்லுங்கய்யா. கட்டிக்கலாங்களா?”

நான் வினோதினியைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பிறகு மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தேன். கல்லூரிப் பெயர் பொறித்த நல்ல பேனா. உறுப்பினர்கள் எடுத்துச் செல்லலாம் என்றிருந்தார்கள்.

“தைரியமா கட்டிக்கப்பா. எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க.”

சாமிக்கண்ணு ஒரு மாதம் பச்சைத் தண்ணீர் போன்ற கஞ்சியைக் குடித்தார். அவர் உடம்புக்குத்தான் ஒழுக்கம் போதவில்லை, உப்பாகவே கசிந்தது. கட்டைப் பிரித்தபோது ஜெல் சுண்டைக்காயாகவே இருந்தது, புண் பெருத்திருந்தது. வினோதினிதான் அவரை ஆட்டோ பிடித்து அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கால் தப்பியது. விரல் போயிற்று. அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

பேராசிரியர் மனம் தளரவில்லை. இறுதிக் கூட்டத்தில் அறிக்கையை நீட்டினார். ‘தொடக்கத்தில் விரல் புண்ணின் பரப்பு: இரண்டு சதுர சென்டிமீட்டர். முடிவில்: பூஜ்யம். குணம்: நூறு சதவீதம்.’

குழுவில் என் முதல் கேள்வியைக் கேட்டேன். “எப்படிங்க?”

“வெரலே இல்லைங்கறப்ப புண்ணு ஏதுங்க?”

அறுத்த இடத்துக் காயம் அறுவைச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்ததாம். அந்தத் தெளிவின்முன் நான் வேறென்ன செய்ய முடியும்? அதே பேனாவால் ‘பொதுமக்கள் சார்பில்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளிலேயே முதன்முறையாக, முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு.