தலைவர் பதவிக்கு ஒரு வேட்பாளர்

இந்தத் தடவை விடுவதில்லை என்று கணக்கெடுப்பு அதிகாரி காலையிலேயே சபதம் போட்டுவிட்டார். ஓய்வு பெற்ற அதிகாரிதான்; சபதத்துக்கு ஓய்வு ஏது? வேலையில் இருந்த காலமெல்லாம் மக்கள்தொகைக் கணக்கு என்று ஊரார் தலைகளை எண்ணவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. சொந்த வீட்டுக்கு ஆள் வரும்போது அவர் வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்பார். மனைவிதான் பதில் சொல்வாள். குடும்பத் தலைவி என்று தன்னையே பதிந்தும்கொள்வாள். நாட்டில் எத்தனையோ ஆட்சி மாறியது, இந்த வீட்டில் மாறவில்லை.

இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் காத்திருந்தார். கணக்கெடுக்கும் பெண் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"குடும்பத் தலைவர் யாரு சார்?"

"நான்தான். நல்லா அழுத்திப் பதிஞ்சுக்கோம்மா."

டீயோடு வந்த மனைவி, "அப்படியா?" என்றாள்.

"பின்னே? உனக்குக் கணக்கு வருமா? கேளும்மா, நானும் இதே வேலையாத்தான் இவ வீட்டுக் கதவைத் தட்டினேன். வயசு இருபதுன்னா. முழுசா பத்து, இருபதுன்னு சொன்னா எங்களுக்குச் சந்தேகம் வரும். சரிபார்க்க மறுபடி போனேன். பதினெட்டுன்னா! பொருந்தலைன்னா திரும்பப் போகணும்ங்கிறது விதி. போனா இருபத்திரண்டு!"

சொல்லச் சொல்ல அவர் குரல் இளகியது. அந்தப் பச்சைக் கதவு, மை ஒழுகிய பேனா, சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் நீட்டிய அந்த முகம். நினைத்தால் இன்றும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

"பாவம், சொந்த வயசே தெரியலையேன்னு நானே முடிவு பண்ணிக் கட்டிக்கிட்டேன்."

மனைவி டம்ளரை வைத்தாள். "முதல்ல சொன்னதுதாங்க சரி. அதையே திரும்பச் சொல்லியிருந்தா மறுபடி வந்திருப்பீங்களா?"

அதிகாரிக்கு டீ புரையேறியது. "அந்த விதி உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல நின்னு நீங்கதானே பெருமையா விளக்கினீங்க!"

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மனைவி சமையலறைக்குத் திரும்பினாள்.

பெண் மெல்ல இழுத்தாள். "வீட்டுல முடிவெடுக்கிறவங்கதான் தலைவர்னு பயிற்சியில சொன்னாங்க சார்..."

அந்தப் பாடத்தை எழுதியவரே அவர்தான். தலையாட்டி வைத்தார்.

"அப்போ தலைவிக்கு நீங்க என்ன உறவு சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது. "கணவர்னு போட்டுக்கோம்மா. அவர் வயசையும் நானே சொல்றேன்."