பேத்தை மீனுக்கு ஏழு அடையாளம்

மச்சினனை இந்த வீட்டுக்குள் தங்கவிடுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாய் நிறைய பற்பசை நுரையோடு, பூதக்கண்ணாடியார் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுக்கிற தைரியம் இன்னும் வரவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம்தானே ஆகிறது.

பூதக்கண்ணாடியார் என்பது பாங்கில் வைத்த பேர். செக்கில் இருப்பது அசல் கையெழுத்தா, போலியா என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே அவருக்கு வேலை. சுழி, வளைவு, புள்ளி, இழுப்பு என்று ஏழு இடம் ஒத்துப்போனால்தான் 'சரி' என்று எழுதுவார். ஆறுதான் ஒத்துப்போகிறது என்றால் மேனேஜரே கெஞ்சினாலும் மசியமாட்டார். என் கண்ணை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரணும் என்று சாப்பாட்டு இடைவேளையில் தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்கொள்வார்.

சபதத்துக்குக் காரணம், அவர் மனைவி அன்று சொன்ன சேதி. தையல் மெஷினை மிதித்தபடியே சொன்னாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தம்பி அடுத்த ஞாயிறு வர்றான். மூணு மாசம் இங்கயே தங்கிப் பரீட்சைக்குப் படிக்கப்போறானாம். அந்தச் சின்ன ரூமை ஒழிச்சுக் குடுங்க."

போன தடவை இரண்டு நாள் என்று வந்த மச்சினன் நாற்பது நாள் இருந்தான். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம். அவர் துண்டு, அவர் சீப்பு, அவர் நாற்காலி எல்லாம் அவனுடையதாகிவிட்டன. கடைசி வாரத்தில், உட்காரலாமா என்று அவனைக் கேட்டுவிட்டுத்தான் இவர் உட்கார்ந்தார்.

சின்ன ரூமோ அவருடைய கஜானா. பழைய பேப்பர் கட்டு, பாடாத ரேடியோ மூன்று, சக்கரமில்லாத சைக்கிள், சுற்றாத ஃபேன். என்றைக்காவது உபயோகப்படும் என்று அவர் சேர்ப்பதும், என்றைக்குத்தான் ஒழிப்பீங்க என்று அவள் கேட்பதும் பத்து வருஷமாக நடக்கிற கதை.

மச்சினனைத் தடுக்கிற வழி, சாப்பாட்டு மேஜைமேல் நீந்திக்கொண்டிருந்தது. பொத்தான் வாங்கப் போனவள் போன மாதம் ஆசைப்பட்டு வாங்கிவந்த பேத்தை மீன். பயந்தால் வயிற்றைப் பந்துபோல ஊதிக்கொள்கிற ஜாதி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு கண்ணாடி ஜாடிக்குள்ளிருந்து, இவர் சாப்பிடுவதை ஒவ்வொரு கவளமாக எண்ணிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை மீனுக்குத் தீனியாக நத்தை வாங்க, பாங்கிலிருந்து நேராக வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். உங்க பேத்தை எந்த ஜாதி என்று கேட்டு, கடைக்காரர் இரண்டு படம் காட்டினார். ஒன்று சின்ன ஜாதி, விரல் நீளத்தோடு நின்றுவிடும். முதுகில் மஞ்சள் கோடு சுற்றிச் சுற்றி எட்டு போட்டிருக்கும், வாலுக்குப் பக்கத்தில் வளையம் வைத்த புள்ளி இருக்கும். இன்னொன்று பெரிய ஜாதி. பச்சை முதுகில் தனித்தனியாகக் கறுப்புப் புள்ளி. உள்ளங்கை நிறைய வளரும், வளர வளர உப்புத்தண்ணீர் கேட்கும், நாலடித் தொட்டியாவது வேண்டும்.

நாலடித் தொட்டி என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் நாலடித் தொட்டி வைக்கச் சின்ன ரூமைத் தவிர வேறு சுவர் கிடையாது. தொட்டி வந்தால் கட்டில் போட முடியாது. கட்டில் இல்லாவிட்டால் மச்சினன் இல்லை. தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கைகுலுக்கலாம்போல இருந்தது. பெரிய ஜாதி என்று நிரூபித்துவிட்டால் போதும்.

அன்று சாயங்காலமே லென்ஸும் கையுமாக ஜாடிமுன் உட்கார்ந்துவிட்டார். மனைவி எட்டிப் பார்த்து, இது சின்ன ஜாதிதான், இதுக்கு இந்த ஜாடியே அரண்மனை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாங்கில் வைத்திருக்கிற மாதிரி ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு கட்டம் நிரம்பியது. புதன்கிழமை அவள், வாலுக்குப் பக்கத்தில் வளையம் தெரிகிறதே என்றாள். போச்சுடா என்று தொப்பலாக வேர்த்துவிட்டது மனுஷனுக்கு. மீனோ ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரு நத்தையைப் போட்டு, மீன் அதன் ஓட்டை நறுக்கித் தின்கிற நேரத்தில் பாய்ந்து பார்த்தார். வளையமே இல்லை, ஒட்டினாற்போல இரண்டு புள்ளி. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு குதி குதித்தார். வியாழக்கிழமை அவள் முதுகில் எட்டு தெரிகிறது என்றாள். மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஏறி, விட்டத்தில் முட்டிக்கொண்டு, மேலேயிருந்து ஒவ்வொரு புள்ளியாகப் படம் வரைந்து இறங்கினார். எட்டுமில்லை, ஒன்பதுமில்லை. கொஞ்சம் ஊதவைத்தால் புள்ளி இன்னும் நன்றாகத் தெரியுமே என்று வலையை எடுத்தவரை அவள் ஒரு பார்வை பார்த்தாள். வலை தானாகக் கீழே இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஏழாவது கட்டமும் நிரம்பியது. தாளை அவள் முன்னால் விரித்தார். அவள் ஒவ்வொரு கட்டமாகப் படித்துப் பெருமூச்சு விட்டாள்.

"ஒத்துக்கிறேங்க. பெரிய ஜாதிதான். உங்க கண்ணு முன்னாடி நான் எம்மாத்திரம்."

"தொட்டியை எங்க வைக்கிறது?" என்றார், பச்சைக் குழந்தை மாதிரி.

"சின்ன ரூம்தான். வேற இடம் ஏது?"

"ஐயையோ, அப்ப தம்பி?"

"அவங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அதைவிட இனிமையான பேச்சை அவர் அந்த வீட்டில் கேட்டதில்லை. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, பழைய சாமான் வாங்குகிறவரைக் கையோடு கூட்டிவந்தார். பேப்பர் போயிற்று. ரேடியோ போயிற்று. சைக்கிள் வாசல்படி தாண்டும்போது மட்டும் அதன் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். மச்சினனைவிட சைக்கிள் பெரிதா என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ரூமைக் கழுவி, ஒட்டடை அடித்து, சாயங்காலத்துக்குள் கடையிலிருந்து தொட்டியை வாங்கிவந்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டிமுன் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரசித்தார். ஜெயித்தவனுக்கு இரக்கம் காட்டுவதும் அழகுதானே. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, தம்பி ரொம்ப வருத்தப்பட்டானா என்று மனைவியிடம் கேட்டார். அவள் தையல் மெஷினை உருட்டிக்கொண்டு உள்ளே வந்து, எதிர்ச் சுவரோரம் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். மெஷினுக்கும் நாற்காலிக்கும் தாராளமாக இடம் இருந்தது.

"அவன் எதுக்கு வருத்தப்படணும்? அவனுக்கு ஹாஸ்டல்லயே இடம் கிடைச்சிருச்சு. வரலைன்னு செவ்வாய்க்கிழமையே போன் பண்ணிட்டான்."

பூதக்கண்ணாடியார் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை. வளையம் புதன்கிழமை. எட்டு வியாழக்கிழமை.

"அப்புறம் எதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கூட மல்லுக்கு நின்னே?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் உடனே சரின்னு சொன்னா, உங்களுக்குச் சந்தேகம் வந்திருமேங்க."