ஆர்ச்சிலிருந்து தொடங்குகிறவர்

நவீனப்படுத்துகிறவர் என்று ஓர் இனம் நம் ஊர்களில் உண்டு. நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கே ஒன்று பழசாகி உடைந்து கிடக்கிறதோ, அங்கே அவரே வந்துவிடுவார், கையில் போனுடன், போனில் சிங்கப்பூர்ப் படங்களுடன். அந்த இனத்தில் எனக்கு நெருக்கமாக அறிமுகமானவர் மாரிச்செல்வம் சார். எங்கள் கடற்கரை நகரத்து மிருகக்காட்சிச் சாலையின் சீரமைப்புக் குழுத் தலைவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். முதல் நாள் நடந்த பேச்சு வரிசை மாறாமல் நினைவில் இருக்கிறது.

"எந்தக் கூண்டுலேர்ந்து ஆரம்பிக்கிறோம் சார்?" என்று கேட்டேன்.

"கூண்டுன்னு சொல்லாதம்மா. வாழிடம். இனிமே இங்கன கூண்டே கிடையாது."

"சரி சார். எந்த வாழிடத்துலேர்ந்து?"

"ஆர்ச்சுலேர்ந்து."

எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பக்கத்தில் வாளியோடு நின்ற பூமயில் அக்கா கேட்டுவிட்டார். மிருகங்களுக்குத் தீனி போட்டுக் கழுவி விடுவது அவர் வேலை.

"ஆர்ச்சுல எது சார் குடியிருக்கு?"

தலைவர் கோபப்படவில்லை. இந்த இனத்துக்குக் கோபம் வராது, விளக்கம்தான் வரும்.

"ஏத்தா, ஒரு வீட்டுக்குப் போனா மொதல்ல எதப் பாப்பாக?"

"வீட்டுல இருக்கவுகளப் பாப்பாக."

"வாசலப் பாப்பாக! வாசல் லெவலா இருந்தா உள்ளுக்குள்ள எல்லாம் தன்னால லெவலாயிரும்."

"அது கெடக்கட்டும் சார். பெரியவருக்கு மண்ணு எப்ப வரும்?"

"வரும், வரும். மொதல்ல ஆர்ச்சு வரட்டும்."

பெரியவர் என்று பூமயில் அக்கா சொன்னது முதலையை. கை நீளக் குட்டியாக வந்தபோது அதற்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். அது முப்பது வருடம் வளர்ந்து எட்டடி ஆகிவிட்டது. தொட்டி வளரவில்லை. திரும்ப வேண்டுமானால் வாலை ஒரு சுவரிலும் மூக்கை இன்னொரு சுவரிலும் தேய்த்துத்தான் திரும்ப வேண்டும். சொரசொரப்பான தரையில் உரசி உரசி அடிவயிறெல்லாம் புண். வந்து பார்த்த கால்நடை மருத்துவர், வெயில் ஏறும் முன் இதை மண்ணுக்கு மாற்றாவிட்டால் புண் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் காப்பாற்ற முடியாது என்று எழுதியே கொடுத்தார். பின்சுவரை உடைத்து, பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் வேலி போட்டு, ஒரு குட்டை வெட்டி, ஒரு டிப்பர் மெத்தென்ற கரம்பை மண் கொட்டினால் போதும் என்றும் அதிலேயே எழுதியிருந்தார். மருத்துவரின் அந்தத் தாளைத் தலைவர் மிகுந்த மரியாதையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பில் வைத்தார். கோப்புக்கு அன்றுதான் புது அட்டை வந்திருந்தது.

இவரைச் சோம்பேறி என்றோ கெட்டவர் என்றோ நினைத்துவிடாதீர்கள். அப்படியானால் பிரச்சினையே இல்லை, சோம்பேறிகளால் மிருகங்களுக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இவர் உழைப்பாளி. காலை ஏழு மணிக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பெயிண்ட் வாளியைத் தானே கலக்கி, இந்தப் பச்சை பத்தாது, இது கீரைப் பச்சை, எனக்குக் காட்டுப் பச்சை வேண்டும் என்று மூன்று தரம் திருப்பி அனுப்பி, மான் பட்டியின் கம்பிகளுக்கு அந்தக் காட்டுப் பச்சையை அடித்து, பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கம்பியே தெரியல பாத்தியா, காடு மாதிரி இருக்கு" என்பார். மான்களுக்குத் தெரிந்தது.

குரங்குக் கூண்டின் கம்பிகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார். வெளிநாட்டில் அப்படித்தானாம். வெளிநாட்டில் வெயில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் வெயிலில் குரங்குகள் மதியம் முழுவதும் தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்த கூட்டம், எவ்வளவு அறிவு பார் என்று கைதட்டியது. மயில்களுக்கு நிறம் மாறும் விளக்கு. கடைசியாக, காட்டுக்குள் நுழைந்த உணர்வு வர வேண்டுமென்று மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டி, அதில் சிங்கத்தின் கர்ச்சனையைப் போட்டார். எங்கள் மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் கிடையாது. மான்களுக்கு அதை யார் சொல்வது? மூன்று நாள் அவை தீனியைத் தொடவில்லை.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. 'முன்பு' என்று ஒரு படம், 'பின்பு' என்று ஒரு படம், இரண்டையும் ஒட்டிக் குழுவுக்கு அனுப்புவார். குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் "செம லுக் தலைவரே" என்பார்கள். அந்தப் படங்கள் எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். சுவர் இருக்கும், வர்ணம் இருக்கும், இரண்டிலும் அவர் இருப்பார். மிருகம் மட்டும் எதிலும் இருக்காது. படம் எடுக்கும்போது மறைக்கிறது என்று தள்ளிவிடச் சொல்லிவிடுவார்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. பூமயில் அக்கா கேட்பதை நிறுத்தவில்லை.

"சார், மண்ணு."

"ஏத்தா, தொட்டிக்கு நீலப் பெயிண்டு அடிச்சாச்சு, அலை வரைஞ்சாச்சு, மீன் வரைஞ்சாச்சு. அதுக்கு இப்ப கடல்ல கெடக்குற மாதிரி இருக்கும்."

"அது கம்மாய் முதலை சார். கடலக் கண்டதில்ல."

"புதுசாப் பாக்கட்டுமே!"

இதற்குள் ஆர்ச் வந்துவிட்டது. அதன் பக்கத்தில், வருகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொள்ள, பதினாறு அடியில் ஒரு சிமெண்டு முதலையும் வந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு, பல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டு, பெரியவரைப் போல இரண்டு மடங்கு. அடியில் மட்டும் வெறும் ஜல்லி கிடந்தது. அது தலைவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலையில், பூமயில் அக்காவின் தம்பி நயினார்கோவில் பக்கம் கண்மாயில் அனுமதி வாங்கி ஏற்றிவிட்ட கரம்பை மண் வந்தே விட்டது. கறுப்பாக, ஈரமாக, ஒரு டிப்பர் நிறைய. பூமயில் அக்கா ஓடி வந்தார். டிப்பர் ஓட்டி வந்த அலியார் பாய் ஆர்ச்சுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். மேலே பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"யாருங்க இத கட்டுனது? வண்டி போகாது."

ஆர்ச்சில் இரண்டு யானைகள் துதிக்கையைத் தாழ்த்தி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தத் துதிக்கைகளுக்குக் கீழே டிப்பர் நுழையாது. மிருகங்களுக்கு இனி எது வந்தாலும் தலையில் சுமந்துதான் உள்ளே கொண்டுபோக முடியும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"தும்பிக்கைய மட்டும் கொஞ்சம் ஒடைச்சுக்கிருவமா?" என்றார் அலியார் பாய்.

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். மண்ணை வெளியிலேயே தட்டிவிட்டு டிப்பர் போய்விட்டது. பூமயில் அக்கா முந்தானையைச் சும்மாடு கூட்டிக்கொண்டு, ஒரு கூடையை எடுத்துக்கொண்டு சுமக்க ஆரம்பித்தார். பதினோரு கூடை சுமந்திருப்பார். தலைவருக்கு அப்போதுதான் யோசனை உதித்தது.

"ஏத்தா, நிறுத்து. நாளைக்கு விருந்தாளுக வாராக. வாசல்ல மண்ணு கெடந்தா அசிங்கம். பின்சுவர ஒடைக்கவும் இப்ப நேரமில்ல. இத அப்படியே செலைக்குக் கீழ பரப்பிருவோம்."

"சார், அது செலை!"

"அதுனாலதான் சொல்றேன். எல்லாரும் பாக்குறது அதத்தான்."

பரப்பினார்கள். கோரைப்புல் நட்டார்கள். ஒரு சின்னக் குட்டை வெட்டித் தண்ணீரும் விட்டு, சுற்றி வேலியும் போட்டார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தது அத்தனையும், ஒன்று குறையாமல், சிமெண்டு முதலைக்குக் கிடைத்தது. உள்ளே, நீல வர்ணம் அடித்த சிமெண்டில், பதினோரு கூடை மண்ணின் மேல் பெரியவர் தாடையை மட்டும் வைத்துப் படுத்திருந்தது. மற்ற உடம்புக்கு மண் எட்டவில்லை.

தலைவரை நினைத்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். முட்டி வலிக்கிறது, கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும் என்று உங்கள் அய்யா போன வருடம் கேட்டார். நீங்கள் என்ன செய்தீர்கள்? உள்ளே போனால் தானாக எரியும் விளக்கு வாங்கி மாட்டினீர்கள், படமெடுத்து அனுப்பினீர்கள், ஒன்பது பேர் கைதட்டினார்கள். அய்யா அந்த வெளிச்சத்தில் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் எழுந்துகொண்டிருக்கிறார். என்னைக் கேட்கிறீர்களா? 'இயற்கைச் சூழலில் சதுப்பு நில முதலை' என்று இரண்டு மொழியிலும் எழுதி, மூன்று தரம் சரிபார்த்து, தொட்டியின் முன்னால் நட்டுவிட்டு வந்தவள் நான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. சிலைக்கு முன்னால் படமெடுக்கக் கூட்டம் நெரிந்தது. படமெடுத்து முடித்தவர்கள் உள்ளே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் அசையவில்லை. "இது சின்னச் செலை போல" என்றார் ஒருவர். சரிதானா என்று பார்க்க இன்னொருவர் தண்ணீர்ப் புட்டியை வீசினார். அது முதுகில் பட்டுத் தெறித்தது. அப்போதும் அசையவில்லை. பூமயில் அக்கா குறுக்கே கையை விரித்து நின்று, "உசுரு இருக்குய்யா, எறியாதீக" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார். தொட்டிக்குள் ஒரு நிமிடம் பார்த்தார். மருத்துவரைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா, அவசரமா ஒரு போர்டு. 'இது சிலையல்ல'ன்னு பெயிண்டுல எழுதிரு, ரெண்டு பாஷையிலயும். அதுக்குக் கீழ 'உயிருடன் உள்ளது'ன்னு ஒரு வரி போடு. அந்த வரிய மட்டும் சாக்பீஸ்ல எழுதும்மா."