கிளாசில் பாதாம், மரத்தில் ஆடு

"லஹ்ஸன் காட்டுக்கே சட்டம் எழுதுறாரு. வீட்டுல டீ கிளாசை எங்க வைக்கணும்னு பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் வைப்பாராம்."

அலுவலகத்தில் புதினா டீ கொதிக்கும் மூலையிலிருந்து யாரோ என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் காலி கிளாசோடு நின்றுகொண்டிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தது உண்மைதான். அதற்காகச் சிரிப்பதா?

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கோ புகை விடும் கம்பெனிகள், யாரும் கட்டாயப்படுத்தாமலே மனம் இளகி, "எங்கள் புகைக்கு ஈடாக எங்காவது மரம் பிழைக்கட்டும்" என்று கார்பன் கிரெடிட் வாங்குகின்றன. எந்த மரம் பிழைத்தால் அது கிரெடிட், எந்த மரம் பிழைத்தால் அது வெறும் மரம் என்று விதி எழுதுவது எங்கள் அலுவலகம். மொராக்கோவில் எஸ்ஸவீராவைச் சுற்றியுள்ள, எண்ணெய்க் காய் காய்க்கும் ஆர்கன் மரக் காடுகளுக்கு விதி எழுதுவது நான். பெரிய பெரிய முதலாளிகள் என் விதிக்குக் கட்டுப்படுகிறார்கள். என் வீட்டில் என் செருப்புகூட நான் விட்ட இடத்தில் இருப்பதில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி வீட்டிலும் விதி. என் விதி.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை. பாறை மேல் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும், என் மைத்துனன் பூஜ்மாவோடு. அவன் கல்யாணம் ஆகாதவன். மீன்பிடி வலை வைக்கும் கிடங்குக்கு மேல் ஓர் அறையில் ராஜாவாக வாழ்கிறான். எனக்கோ சனிக்கிழமை வந்தால் கம்பளம் துவைக்கிற வேலை, காஸ் சிலிண்டர் தூக்குகிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு நான் பிடித்த மீனெல்லாம் மீன்காரன் தட்டிலிருந்து பிடித்தவை.

"இஜ்ஜா, இனிமே இந்த வீட்டுல தன்னார்வச் சந்தை," என்றேன் மனைவியிடம்.

"சந்தைக்கா போறீங்க? கொத்தமல்லி தீந்துபோச்சு."

"போகலம்மா. சந்தையே இங்கதான். யாரும் சொல்லாம நான் ஒரு வேலை செஞ்சா எனக்கு ஒரு கிரெடிட். கிரெடிட் சேர்ந்தா சனிக்கிழமை என்னோடது. தூண்டில், பாறை, கடல். யாரும் கேள்வி கேக்கக் கூடாது."

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஒரு டீ கிளாசை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"கிரெடிட்டுக்கு ஒரு பாதாம். கிளாஸ் நிறைஞ்சா போங்க. விதியெல்லாம் என்னன்னு சொல்லுங்க."

விதி என்னவென்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கூட்டங்களில்கூட எப்போது முடிப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள். நான் வெயிலில் வைத்த வெண்ணெய் ஆனேன்.

"முதல் விதி. எப்படியும் நடக்கப்போற நல்லதுக்குக் கிரெடிட் கிடையாது. உங்க அம்மா ஊரையே எடுத்துக்கோ. கோடையில ஆர்கன் காய் பழுக்கறப்ப ஊரே கூடி காட்டை மூடுது. ஆடு உள்ள போகக் கூடாது."

"அதுக்குப் பேர் அக்தால். எனக்கே சொல்லித் தர்றீங்களா? நான் அங்கதானே பொறந்தேன்."

"அது காலங்காலமா நடக்குறது. அதுக்கெப்படிக் கிரெடிட் குடுக்கிறது? அதான் நான் சொன்னேன், வசந்தம் வந்ததுமே மூடுங்க, குளிர் திரும்பி வந்தப்புறம் தொறங்கன்னு. அந்தக் கூடுதல் மாசத்துக்குத்தான் கிரெடிட்."

"அந்தக் கூடுதல் மாசமெல்லாம் ஆடு எங்க போகும்?"

"சபாஷ்! அதுதான் ரெண்டாவது விதி. இங்க தடுத்த சேதம் வேற இடத்துக்கு நகரக் கூடாது."

"நகராதா?"

"நகராதுன்னு நானே எழுதியிருக்கேன்."

"நீங்களே எழுதிட்டா சரி."

செய்தது நிலைக்க வேண்டும் என்பது மூன்றாவது விதி. தீ, வறட்சி என்று ஏதாவது வரும், அதற்காகக் கிரெடிட்டில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது நான்காவது. இதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

"குப்பைத்தொட்டி காபிக்கடைக்குப் பக்கத்துல இருக்கு. நீங்க எப்படியும் போயிருப்பீங்க. பாதாம் கிடையாது."

அடுத்து தஜின் சட்டியைக் கழுவினேன். மண்சட்டி பளபளவென்று இருக்க வேண்டாமா? சோப்பு போட்டுத் தேய்த்தேன். அன்று ஆட்டுக்கறியில் குளியலறை மணந்தது.

"அழுக்கு எங்கயும் போகல. சட்டியிலேருந்து கறிக்கு நகர்ந்திருக்கு. ரெண்டாவது விதி."

கொல்லைக் கதவின் கீலை முடுக்கினேன். பாதாம் விழுந்தது. மறுநாள் கதவும் விழுந்தது. பாதாமை எடுத்துவிட்டாள். மூன்றாவது விதி. அவ்வளவுக்கும் தப்பித் தங்கிய பாதாம்களில் கொஞ்சத்தைத் தீ, வறட்சிக்காக ஒதுக்கினாள். ஒதுக்கியதை ஆர்கன் எண்ணெயும் தேனும் விட்டு அரைத்து, ரொட்டியில் தடவி, எனக்கே கொடுத்தாள். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

வாரம் பாதி போயிருக்கும். டீயை உயரத்திலிருந்து ஊற்றியபடி சொன்னாள்:

"எனக்கும் கிரெடிட் வேணும்."

"நீ என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. அதுக்குத்தான். காட்டை வெட்டப்போறவன் வெட்டாம இருந்தா குடுக்குறீங்கல்ல?"

"குடுப்போம்."

"எங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்து இங்க வெச்சுக்கலாம்னு இருக்கேன். வெச்சுக்காம இருக்கணும்னா, கிளாஸ்ல இருக்குற பாதாமெல்லாம் என்னோடது. சனிக்கிழமை நீங்க கம்பளம் துவைக்கிறீங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த வித்தையைத்தானே நான் ஆபீசில் தினமும் பார்க்கிறேன்!

"இஜ்ஜா, வெட்டப்போறேன் வெட்டப்போறேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. போன மாசம் ஒருத்தன் வந்தான். ஆடே ஏற முடியாத உச்சியில ஒரு காடு. அதை வெட்டாம இருக்கேன், கிரெடிட் குடுங்கன்னான். நீ எப்படிய்யா ஏறுவன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டான்."

"அப்ப எதைக் காட்டினா நம்புவீங்க?"

"ஆபத்து கண்ணுக்குத் தெரியணும். கையில கோடாலி இருக்கணும். வாசல்ல லாரி நிக்கணும்."

"வாசல்ல வண்டி நிக்கணும்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் என்னிடம் வாதாடித் தோற்ற முதல் ஆள் என் மனைவி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பிறகு பாதாம் மழை. முற்றத்தைப் பெருக்கினேன், பாதாம். விளக்கை அணைத்தேன், பாதாம். தும்மும்போது வாயைப் பொத்தினேன், அதற்கும் ஒரு பாதாம். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்டுக் கை கழுவும்போது கிளாஸ் நிறைந்து வழிந்தது. சந்தேகம் வந்திருக்க வேண்டும். நல்ல சந்தையில் விலை ஏறினால் சந்தேகம் வருமா, சந்தோஷம் வருமா?

சனிக்கிழமை காலையில் பூஜ்மாவின் வேன் ஹாரன் அடித்தது. தூண்டிலைத் தோளில் போட்டேன். சினிமா கதாநாயகன்போல் வாசலுக்கு ஓடினேன்.

முன்சீட்டில், நான் உட்கார வேண்டிய இடத்தில், என் மாமியார் லல்லா ரக்கூஷ் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு மெத்தை, எண்ணெய்க் குடுவை, ரொட்டி சுடும் தட்டு. அவற்றுக்கு நடுவே, என்னைப் பார்த்து அசைபோட்டபடி, ஓர் ஆடு.

"மத்த ஆடெல்லாம் அடுத்த நடையில, மச்சான்," என்றான் பூஜ்மா.

"வாங்க அத்தை," என்றேன். வாய் சொன்னது. எனக்கு அதில் சம்பந்தமில்லை.

"என்னத்தைச் சொல்ல மாப்பிள்ளை! காட்டை மூடிட்டாங்க. நம்ம அக்தால்னா கோடையிலதானே? எந்த ஆபீஸ்லயோ இருக்குற ஓர் அறிவாளி, இப்பவே மூடு, குளிர் வந்தா தொறன்னானாம். அதுவரைக்கும் ஆடு எங்க போகும்? ஆடில்லாம நான் எங்க போவேன்?"

"யாரும்மா அந்த அறிவாளி?" என்று கேட்டாள் இஜ்ஜா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"தெரிஞ்சா விடுவேனா? ஆட்டையெல்லாம் கொண்டுபோய் அவன் வீட்டுலயே கட்டியிருக்க மாட்டேன்?"

பூஜ்மா ஹாரனைத் துடைத்தான்.

ஆடு வேனிலிருந்து இறங்க மறுத்தது. மாமியார் சுற்றும்முற்றும் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் கிளாஸ் தெரிந்தது. "பசியோட வந்திருக்கு, பாவம்," என்று கிளாசை எடுத்து அதன் வாய்க்கு நேராக நீட்டினார். என் வாரம் முழுவதும் நறநறவென்று உள்ளே போயிற்று. தெம்பு வந்த ஆடு, முற்றத்து ஆர்கன் மரத்தில் தாவி ஏறியது. அது வெளிநாட்டு ஆய்வாளர்களைப் பக்கத்தில் நிற்க வைத்து நான் படமெடுக்கும் மரம். உச்சாணிக் கிளையில் நின்று தளிர்களை மேயத் தொடங்கியது.

நான் இஜ்ஜாவைக் கதவுக்குப் பின்னால் இழுத்தேன்.

"ஒத்துக்கறேன். ஆபத்து நிஜம்தான். உன் கிரெடிட்டை ஏத்துக்கறேன். பாதாமெல்லாம் உனக்கே."

"எந்தப் பாதாம்?"

"சரி, கம்பளம் துவைக்கிறேன். இந்த சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை, எல்லா சனிக்கிழமையும்."

"அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா அம்மாவை அகாதிர்ல அக்கா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அவளுக்குப் பெரிய தோட்டம். ஆட்டோட வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா."

"இப்ப அனுப்பு!"

"இப்ப எப்படிங்க? அக்கா வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் கிளம்பிட்டா. நீங்கதானே வாசல்ல வண்டி நின்னாத்தான் நம்புவேன்னீங்க?"

வெளியே மாமியார் வேனிலிருந்து மெத்தையை மட்டும் இறக்கிப் போட்டுவிட்டு மறுபடி முன்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். கடலைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்றாம்.

"மச்சான், முன்னாடி இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு," என்றான் பூஜ்மா.

"கம்பளம் மொட்டைமாடியில இருக்கு," என்றாள் இஜ்ஜா. மரத்திலிருந்து தொங்கிய ஆட்டுக் கயிற்றின் நுனியை எடுத்து என் கையில் கொடுத்தாள். என் தோளிலிருந்த தூண்டிலை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.