எட்டுக் குமிழும் மெலெரியின் கோபமும்

திரெகாரன், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் எம்லின் அவர்களுக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களும், பத்து நாளாக உங்கள் வீட்டிலிருக்கும் உங்கள் தங்கை மெலெரியும் நலமாக இருக்க வேண்டும்.

அவள் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள், நான் சொல்வதையும் கேளுங்கள். ஈரப்புல்லில் குதிரை வழுக்காமலிருக்க லாடத்தில் திருகும் இரும்புக் குமிழ்கள் என் பொறுப்பு; வேறெதையும் அவள் என்னை நம்பிக் கொடுத்ததில்லை. குதிரைத் தடைதாண்டும் போட்டிக்கு முந்தின நாளே லாடத்துத் துளைகளில் மண் புகாமல் அடைத்திருந்த எண்ணெய்ப் பஞ்சை எடுத்து, திருகு மரையைத் துடைத்து வைத்தேன். மறுநாள் திடலில், அவள் பாதை பார்க்கப் போயிருந்தபோது, மழையில் குனிந்து குளம்பைத் தூக்கினால் பஞ்சு அப்படியே இருக்கிறது, சரி, நமக்கு வயசாகிவிட்டது என்று மறுபடி எடுத்து, எட்டுக் குமிழையும் ஸ்பானரால் இறுக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன் மச்சான், அங்கேயே நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் கடைசித் தடைக்கு முந்தின வளைவில் நம் குதிரை டெலின் வழுக்கி, மெலெரி சேற்றில் விழுந்து, கோப்பை அவளோடு போட்டியிட்ட லோவ்ரிக்குப் போய்விட்டது. எழுந்ததும் அவள் குளம்பைத்தான் தூக்கிப் பார்த்தாள். எட்டுத் துளையும் காலி.

"ஒண்ணு ரெண்டு கழண்டா நம்புவேன். எட்டுமா கழலும்? மறந்துட்டேன்னு சொல்லித் தொலையேன்."

"மாட்டினேன் மெலெரி."

"இப்படிப் பொய் சொல்ற ஆளோட வீட்டுக்கு நான் வரல."

அவளைக் கை கொடுத்துத் தூக்காமல் வாதாடிக்கொண்டு நின்றேனே, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மறந்ததாகவே இருக்கட்டும். பொய் சொன்னதாகவும் இருக்கட்டும். அவளில்லாத வீட்டுக்கு அது எவ்வளவோ மேல். நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள்.

ஆண்டவர் உங்கள் வீட்டையும் ஆட்டு மந்தையையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வரவுக்குக் காத்திருக்கும் குவிலிம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது லோவ்ரியின் கணவர் இட்வால் கொல்லைப்புறமாக வந்தார். கைக்குட்டையில் நம் எட்டுக் குமிழ்கள், அவர்கள் குதிரையிலிருந்து கழற்றியவை. அதுவும் நம் டெலின் மாதிரியே செம்பட்டைதான், நான் குளம்பைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. "லோவ்ரி, நான்தான் மாட்டினேன்னு நினைச்சுட்டா குவிலிம். இருபது வருஷத்துல முதல் தடவையா கேக்காமலே ஒண்ணு செஞ்சேன்னு அழுதுட்டா. தினம் வெல்ஷ் கேக் சுட்டுத் தர்றா. வெளிய சொல்லிடாதப்பா," என்றார். பாவம், சரி என்றுவிட்டேன். ஆகவே மெலெரியிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: குவிலிம் குமிழ் மாட்டினான், அவன் சொன்னது பொய்யில்லை. எந்தக் குதிரைக்கு என்று அவள் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.