எண்பத்து நாலு படிக்கு மேலே

கட்டாத மாடியில் ஏறி நடந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் ஆம்பூர் ஒன்பது மாடி மேஸ்திரிதான். அவர் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே மறந்திருக்கும்.

ஊருக்கு மோட்டார் பஸ் வராத காலம். நான் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. முதலாளி சரக்கு வைக்க ஒரு மாடி கேட்டார். மேஸ்திரி ஒன்பது என்றார்.

"ஒம்பதாவது மாடியில நின்னா மெட்ராஸ் சமுத்திரம் தெரியும் மொதலாளி. உங்க தோலு கப்பல் ஏர்றதை இங்கிருந்தே பாக்கலாம்."

முதலாளிக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. எட்டாம் நாள் சரி என்றார்.

அன்றிலிருந்து மேஸ்திரி யாருக்கு எந்த மாடி என்று ஊரையே மாடி மாடியாகப் பிரித்துவிட்டார். பிடிக்காதவனுக்கு இரண்டு. பிடித்தவனுக்கு ஏழு. எனக்கு மூன்று கொடுத்திருந்தார். என் மனைவி சின்னக்கண்ணு அந்தக் கட்டடத்தில் சித்தாள். ஒரு நாள் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்களை ஆறுக்கு ஏற்றினார்.

"ஆறாவது மாடிக்குத் தண்ணி எப்படி மேஸ்திரி வரும்?" என்று கேட்டாள்.

"மேகம் பக்கத்துலதான் இருக்கும். கொடத்தை நீட்டு."

மாடிக்கு இருபத்தோரு படி. ஏறும்போதெல்லாம் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறுவார்.

மூன்றாவது மாடியில் சுண்ணாம்பு தீர்ந்தது. வாலாஜாபேட்டையிலிருந்து வண்டி வரவேண்டும். பாலாற்றில் வெள்ளம். வரவில்லை. மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. தோலை ஊறவைத்து மயிர் கழற்றுகிற எங்கள் சுண்ணாம்புக் குழியை எட்டிப் பார்த்தார்.

"அது தோலு தின்ன சுண்ணாம்பு மேஸ்திரி. சத்து இருக்காது" என்றேன்.

"சுண்ணாம்புன்னா சுண்ணாம்புதான்டா. நீ போய் தோலைப் பாரு."

அந்தச் சுண்ணாம்பில்தான் மேலே எழுப்பினார். அந்தச் சுவர் காயவே இல்லை. மழை பெய்ததும் அதில் மயிர் தெரிந்தது. ஆட்டு மயிர், எருமை மயிர். காற்றில் அசைந்தது. நாய்கள் தூர நின்று குரைத்தன. ஆடுகள் வேறு வழியாகப் போயின. ஒரு எருமை மட்டும் தினம் வந்து அண்ணாந்து பார்க்கும். சொந்தக்காரரைத் தேடி வந்ததுபோல வெகு நேரம் நிற்கும்.

மேஸ்திரி சிரிப்பதை நிறுத்தினார். காலையில் முதல் வேலையாகச் சுவரில் காது வைப்பார்.

"இன்னா கேக்குது?"

"மூச்சு வுடுது."

"வுட்டா நல்லதா, கெட்டதா?"

"வுடுற வரைக்கும் பயமில்ல."

நானும் ஒரு தடவை வைத்தேன். சுவர் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. மறுபடி நான் வைக்கவில்லை.

நாலு மாடி முடிந்தது. ஐந்தாவதற்கு முதல் கல் வைக்கும் நாள். முதலாளி மிட்டாயோடு வந்து கீழே நின்றார். மேலே சித்தாள்கள் வரிசையாக நின்றார்கள். சின்னக்கண்ணு வயிற்றில் ஐந்து மாதம். கடைசி ஆளாகச் சாரத்தில் நின்றாள். மேஸ்திரி சுவரில் காது வைத்தார். அப்படியே இருந்தார். பிறகு தடியை எடுத்தார். எல்லாரையும் கீழே விரட்டினார்.

"பைத்தியமா மேஸ்திரி? இன்னிக்கு அஞ்சாவது மாடி!" என்று முதலாளி கத்தினார்.

"அஞ்சு வேணாம் மொதலாளி."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. எல்லாரும் ஓடினார்கள். சின்னக்கண்ணு கலவைச் சட்டியோடு தயங்கினாள்.

"சட்டியைப் போடும்மா! ஆறாவது மாடி உனக்குக் கெடையாது. எறங்கு!"

அவள் கால் தரையில் பட்டது. அவர் பின்னாலேயே இறங்கினார். மேல் சுவர் உட்கார்ந்தது. இடிச் சத்தம் இல்லை. ஈரத் தோலைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

படிக்கட்டு மட்டும் இடியாமல் நின்றது. வேலை நின்றுவிட்டது. மேஸ்திரியை யாரும் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பிறகு தினம் விளக்கு வைக்கும் நேரத்தில் தனியாக ஏறினார். எங்கள் வீடு எதிரே. எண்ணுவது கேட்கும். எண்பத்து நாலோடு படி தீர்ந்தது. எண்ணிக்கை தீரவில்லை. எண்பத்தைந்து, எண்பத்தாறு என்று குரல் உயரே போகும். போகப்போக மெலியும். நூற்று எண்பத்தொன்பதில் நிற்கும். அது ஒன்பதாவது மாடி. நான் அண்ணாந்து பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரும் இன்னது கண்டோம் என்று சொன்னதில்லை.

சின்னக்கண்ணு வாசலில் நின்று கூப்பிடுவாள்.

"மேஸ்திரி! சோறு ஆறிப் போவுது!"

எண்ணிக்கை இறங்கி வரும். வந்து எங்களோடு சாப்பிடுவார். என் மகன் அவர் மடியில்தான் சோறு தின்னப் பழகினான்.

"சமுத்திரம் தெரிஞ்சிச்சா?" என்று கேட்பேன்.

"இன்னிக்குக் கொஞ்சம் மூட்டம்."

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். பாலாற்றங்கரையில் புதைத்தோம். கை நிறைய மண் நானே போட்டேன்.

மறுநாள் விளக்கு வைத்தோம். எதிரே ஒன்று, இரண்டு என்று கேட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எண்பத்து நாலு தாண்டியது. நூற்று எண்பத்தொன்பதில் நின்றது. வெகு நேரம் சத்தமே இல்லை. பையன் சாப்பிடாமல் கதவையே பார்த்தான்.

சின்னக்கண்ணு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"மேஸ்திரி! சோறு ஆறிப் போவுது!"

நூற்று எண்பத்தெட்டு என்று கேட்டது.

நான் இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன்.