பலகையை இழுக்காத மெஷின்

பலகை பாதி தூரம் உள்ளே போய் நின்றுவிட்டது. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது, பலகை நகரவில்லை. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் பால்ராஜைப் பார்த்தார்கள். பால்ராஜ் மெஷினைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இன்னா கோளாறு?" என்றார் முதலாளி செங்கல்வராயன்.

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அது பொய்யில்லை. ஆவடிப் பள்ளிக்கூடம் ஒன்றின் டிராயிங் மாஸ்டர், மண்ணூர்பேட்டை மரப்பட்டறையில் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? மரம் இழைக்கும் மெஷின் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் வந்த வேலை வேறு. மகள் தெரசாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் ஜேம்ஸ், இந்த மெஷினை ஓட்டுகிறவன். அப்பா அம்மா இல்லாதவன், மாமனார் வீட்டோடு ஒட்டிக்கொள்வான் என்று தரகர் சொல்லியிருந்தார். இதற்கு முந்தைய வரனுக்கு பால்ராஜ் விசாரிக்காமலே தலையாட்டிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி உண்டு என்ற சங்கதியை நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெண்டாட்டியே வந்து சொன்னாள். அதற்குப் பிறகு தெரசா அப்பாவோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று.

"இந்தத் தடவ நீயே நேர்ல போய்ப் பாத்துட்டு வாப்பா. நீ சரின்னா எனக்கும் சரி," என்றாள் அவள். மனைவி லூர்தம்மாள் கூடவே ஒரு சட்டம் போட்டாள். "யாருன்னு மட்டும் காட்டிக்காதீங்க!"

யாரென்று காட்டிக்கொள்ளாமல் தோளில் ஒரு பையோடு வாசலில் தயங்கி நின்றவரை, செங்கல்வராயன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். "வா நைனா, மெக்கானிக்குதானே? காலைலேர்ந்து உனக்கோசரந்தான் காத்துகினு கீறோம்!"

இல்லை என்றால், பின்னே யார் என்று கேட்பார்கள். பால்ராஜ் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

மெஷின் எப்படி ஓட வேண்டும் என்று ஜேம்ஸ்தான் பொறுமையாக விளக்கினான். இந்தப் பக்கம் பலகையைக் கொடுத்தால் உருளைகள் கவ்வி இழுக்கும். நடுவில் கத்தி சீவும். அந்தப் பக்கம் பலகை ஒரே கனத்தில் வெளியே வரும். இப்போது உருளைகள் கவ்வ மாட்டேன் என்கின்றன, அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு பெரிய கைச்சக்கரம் இருந்தது. பால்ராஜ் அதைச் சுற்றினார். அடியிலிருந்த மேடை மேலே ஏறியது. பலகை நெருக்கமாக இருந்தால் உருளை கவ்வித்தானே ஆக வேண்டும்? நியாயமான யோசனைதான். ஆனால் கத்தி பலகையில் ஆழமாகச் சிக்கிக்கொள்ள, மோட்டார் முனகியது. பியூஸ் டப்பென்று போனது.

ஜேம்ஸ் பியூஸ் கம்பி கட்டப் போனான். பால்ராஜ் பின்னாலேயே போனார். வந்த காரியத்தை விடக்கூடாது அல்லவா?

"தம்பி, இந்த மாதிரி மெஷின் ஓட்டுறவங்க குடிக்கக் கூடாது. உங்களுக்கு எப்படி?"

"டீ மட்டுந்தான் சார்."

"ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போவீங்களா?"

"மெஷினுக்கும் கோயிலுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"ஞாயித்துக்கெழம மெஷினுக்கு ஓய்வு கெடைக்குதான்னு பாக்கறேன்," என்றார் பால்ராஜ். தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

அடுத்து எண்ணெய். வீட்டில் தையல் மெஷின் முரண்டு பிடித்தால் லூர்தம்மாள் எண்ணெய்தான் விடுவாள். அவர் உருளைகளுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டார். உருளைகள் ஜோராகச் சுழன்றன. கீழே பலகை வழுக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது.

"முன்னயாச்சும் பாதி தூரம் போச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் செங்கல்வராயன். "இப்ப வாசல்லயே நின்னுகினு கீது!"

டீக்கடை சொர்ணம் கம்பிக்கூடையில் டீ கொண்டுவந்தாள். மெக்கானிக்கைப் பார்த்தாள், ஜேம்ஸைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். தன் சட்டையில் எண்ணெய் வழிவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பால்ராஜ் நினைத்தார்.

மரத்தூளைத் தூவி எண்ணெயைத் துடைத்தார்கள். இனி மிச்சம் இருப்பது கரண்டு ஒன்றுதான். ஸ்விட்ச் பெட்டிக்குள் மூன்று ஒயர்கள் தெரிந்தன. "இதையும் அதையும் மாத்திப் போடுங்க," என்று பால்ராஜ் கைகாட்டினார். அவரே தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. ஜேம்ஸ் மெயினை அணைத்து, சொன்னபடியே மாற்றிப் போட்டான்.

மெஷின் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கொடுத்த பலகையை வேண்டாம் என்று திருப்பித் தள்ளி, பால்ராஜின் வயிற்றில் ஒரு குத்து விட்டது. அவர் மரத்தூள் குவியலில் போய் உட்கார்ந்தார். ஜேம்ஸ்தான் ஓடிவந்து தூக்கிவிட்டு, தன் துண்டைக் கொடுத்தான். நல்ல பையன் என்று அவருக்கு மனசுக்குள் பட்டது. தெரசாவிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

அப்போதுதான் ஜேம்ஸ் ஒயர்களைப் பழையபடி மாட்டினான். மேடையை இறக்கினான். உருளைக்கு மேலே, அதைப் பலகைமேல் அழுத்திப் பிடிக்க இரண்டு ஓரத்திலும் இருந்த ஸ்பிரிங்குகளை ஸ்பேனரால் இறுக்கினான். பலகையை வைத்தான். அது சமர்த்தாக உள்ளே போய், வழவழவென்று அந்தப் பக்கம் வந்தது.

பால்ராஜ் பலகையைத் தடவிப் பார்த்தார். "தம்பி, ஸ்பிரிங்குதான் கோளாறுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாள் பூரா ஒரு மனிதனைக் கோமாளியாக ஆட விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறானே! ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? மெக்கானிக் என்று பொய் சொன்னவர் அவர்தானே? கோபத்தை அப்படியே விழுங்கினார்.

"எம்மேலதான் தப்பு. நல்லா இருங்க தம்பி," என்று துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தார். அழுத்தக்காரப் பையன், இவன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் விழுந்தபோது ஓடிவந்து தூக்கியவனும் இவன்தானே? நல்லவனா, பொல்லாதவனா? ஒன்றும் புரியவில்லை. இந்தத் தடவையும் மகளுக்கு ஒரு பதிலைச் சரியாகச் சொல்லத் துப்பில்லாமல் போயிற்றே என்று கண் கலங்கினார்.

டீ கிளாஸ்களை வாங்கிக்கொண்டு பட்டறையிலிருந்து வந்த சொர்ணம் அவரைப் பார்த்து நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, கண்ணு கலங்குது?"

"ஒண்ணுமில்லம்மா. எனக்கு இந்த மெக்கானிக் வேலை சரிப்படல."

"மெக்கானிக்கா? பொண்ணு ஊட்டுக்காரங்க வேவு பாக்க வராங்கன்னு தரகரு வந்து சொன்னாலே, வரவங்க கொணத்தைப் பாக்கணும்னு ஜேம்ஸு ஸ்பிரிங்கைத் தளர்த்தி வெச்சுடுவான் அண்ணாத்தே! முன்ன இப்படி மெக்கானிக்கா மாட்டிகினவங்கள்லாம், விசயம் தெரிஞ்சதும் ஸ்பேனரைத் தூக்கிகினு அவனை அடிக்கப் போனாங்க. நீ ஒருத்தருதான் எம்மேலதான் தப்புன்னு சொன்னியாம், மாமனாரைப் பிடிச்சுப்போச்சு, இனிமே பொண்ணு சரின்னா போதும்னு சொல்லச் சொன்னான்."